அந்தக் கம்பியை எறிந்தது நான்தான்

கச்சான் காற்று அடிக்கிற ஓகஸ்ட் மாதத்தில் திருகோணமலை உப்புவெளியில் புல் பச்சையாக நிற்காது. வளவு முழுக்கக் காய்ந்து, வேப்பஞ்சருகு காற்றோடு ஓடித் திரியும். கூட்டிவிட்டுத் தும்புத்தடியைச் சுவரில் சாத்துவதற்குள் மணல் பழையபடி வந்து மூடிவிடும். 2024 ஓகஸ்டில் எங்கள் வளவில் ஒரேயொரு இடத்தில் மட்டும் அறுகம்புல் பச்சைப் பசேலென்று நின்றது. காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வீட்டுவண்டியான கரவனின் சில்லுக்குப் பின்னால், ஒரு சுளகு அகலத்துக்கு. இரண்டு கிழமையாக அதை ரசித்தேன். படம் எடுத்து மெல்பேர்னில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பி, "பார், உன் கரவன் புல்லும் வளர்க்குது" என்று எழுதினேன். ஒருநாள் பின்னேரம் அந்தப் புல்லுக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தபோது உள்ளங்கையில் ஒரு துளி விழுந்தது. இளஞ்சூடாக இருந்தது.

அந்தத் துளியைப் பற்றி எழுத வேண்டுமென்று ஒரு வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் அக்கா வாசிப்பார். அதனால்தான் தள்ளிப் போனது.

கரவன் அக்காவும் அத்தானும் 2018இல் கப்பலில் அனுப்பியது. அங்கே பழசாகிவிட்டது, இங்கே கடற்கரைக்குப் பக்கத்து வளவு சும்மா கிடக்கிறது, வருகிற நேரம் தங்கலாம், மற்ற நேரம் நீ வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடு என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளோடு சரிந்தது, பிறகு கொரோனா, பிறகு 2022 நெருக்கடி. அதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதை. நான்கு வருடத்தில் அதில் படுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அதன் வெளிச்சுவரில் ஒரு சின்னத் தகரக் கதவு. திறந்தால் உள்ளே சுடுதண்ணி ஹீட்டர். 23 லீற்றர் தாங்கி, காஸிலும் வேலை செய்யும், 230 வோல்ட் கரண்டிலும் வேலை செய்யும். முதல்முதல் அதைப் பார்த்த பக்கத்து வளவு மாமி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "பிள்ளை, இந்த வெக்கைக்குச் சுடுதண்ணியோ? அப்பிடி வேணுமெண்டா கன்னியாவுக்குப் போகலாமே, ஏழு கிணறு இருக்கு."

மாமி சொன்னதில் பிழையில்லை. அடுப்பும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் நிலம் தன்பாட்டில் சுடுதண்ணி தருகிற ஊர் இது. இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்தி எடுத்த ஊற்றென்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்பாவின் அந்தியேட்டி முடிந்து அங்கே போய் ஒவ்வொரு கிணற்றிலும் வாளி விட்டு அள்ளி ஊற்றியபோது, ஒன்று இளஞ்சூடு, அடுத்தது கொஞ்சம் கூட என்று உடம்பு கண்டுபிடித்தது ஞாபகம். ஆனால் புறாத்தீவுக்குப் போய் நாள் முழுக்க முகமூடியும் குழாயுமாகக் கடலில் கிடந்துவிட்டு வருகிற ஜெர்மன்காரருக்கு இரவு எட்டு மணிக்குச் சுடுதண்ணி வேண்டும். கன்னியாவைக் காட்ட முடியாது.

கூழ்முட்டை

2023இல் மெல்ல ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த ஒரு சோடி இரண்டாம் நாள் காலையில் என்னிடம் வந்து மிகவும் மரியாதையாக, தண்ணி மணக்கிறது என்றார்கள். போய்ச் சுடுதண்ணிக் குழாயைத் திறந்தேன். அப்படியே கூழ்முட்டை. பச்சைத்தண்ணிக் குழாயில் ஒரு மணமும் இல்லை. அதே கிணறு, அதே மோட்டர். அப்படியென்றால் ஹீட்டருக்குள் ஏதோ அழுகிக் கிடக்கிறது. பல்லியோ, எலிக்குஞ்சோ. அப்படித்தான் முடிவு கட்டினேன்.

தாங்கியின் அடியில் ஒரு பெரிய திருகு மூடி உண்டு. தண்ணியை வடிக்கிற வழி அதுதான். அதைக் கழற்ற 27 மில்லிமீற்றர் சொக்கற் வேண்டும், பக்கத்தில் மீன்பிடிப் போட் வைத்திருக்கிற பெடியனிடம் வாங்கினேன். மோட்டரை நிறுத்தினேனே தவிர, உள்ளே இருக்கிற அழுத்தத்தை வெளியே விட வேண்டுமென்று எனக்குத் தெரியாது. கடைசிப் புரி கழன்றதும் மூடி கையை விட்டுப் பாய்ந்தது, பின்னாலேயே தண்ணி. நல்லகாலம், முதல்நாள் இரவே கரண்டை நிறுத்தி வைத்திருந்தேன். சூட்டோடு கழற்றியிருந்தால் இன்று கையில் தழும்போடு எழுதிக்கொண்டிருப்பேன். கழற்றுகிறவர்கள் தண்ணி நன்றாக ஆறவிட்டு, மோட்டரை நிறுத்தி, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் சாவியைத் தொடுங்கள்.

மூடியோடு ஒரு கம்பியும் சேர்ந்து வந்தது. அதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. சப்பித் துப்பிய முருங்கைக்காய் போல இருந்தது. நடுவில் பின்னல் ஊசி மொத்தத்தில் ஒரு இரும்புக் கம்பி, அதன்மேல் அங்குமிங்குமாகச் சாம்பல் நிறத்தில் ஒட்டிக் கிடக்கிற கட்டிகள், நகத்தால் தட்டினால் உதிர்ந்தன. நுனிப் பக்கம் ஒன்றுமே இல்லை. தாங்கியின் அடியிலிருந்து வெள்ளைச் சேறு வடிந்தது. முகர்ந்து பார்த்தேன், அதே மணம். பல்லியைத் தேடிப் போனவளுக்குக் குற்றவாளி கையிலேயே கிடைத்துவிட்டான். இதுதான் அழுகியிருக்கிறது, இதுதான் மணக்கிறது. வேறென்ன யோசிக்க இருக்கிறது?

கம்பியைக் குப்பை எரிக்கிற கிடங்கில் எறிந்தேன். மூடியை எடுத்துக்கொண்டு ரவுனுக்குப் போய் ஹாட்வெயார் கடையில் அதே புரிக்கு முக்கால் அங்குல இரும்பு மூடி ஒன்று வாங்கினேன். வெள்ளைத் த்ரெட் டேப் சுற்றி இறுக்கினேன். தாங்கி நிரம்பி, குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணி சீராக வந்த பிறகுதான் கரண்டைப் போட்டேன். தண்ணியில்லாத தாங்கியில் ஆளியைப் போட்டால் சூடாக்கிச் சுருள் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும் என்பது 2019இலேயே ஒரு சுருளுக்குக் காசு கட்டிப் படித்த பாடம்.

மணம் நின்றுவிட்டது. உண்மையாகவே நின்றுவிட்டது. அடுத்த நாளே மணம் போய்விட்டது. பிழையான வைத்தியம் வேலை செய்யாமல் போயிருந்தால் நான் வேறு யாரையாவது கேட்டிருப்பேன். அது வேலை செய்தது. அக்காவுக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன்: "கழுவி எடுத்திட்டன், இப்ப நல்லா இருக்கு." கழுவினேன் என்றுதான் சொன்னேன். கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று அல்ல, குப்பையைப் பற்றி யார் தொலைபேசியில் பேசுவார்கள்?

குளவியும் வால்வும்

அந்தப் பெருமையில் காஸ் பக்கத்தையும் ஒரு கை பார்த்தேன். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்த மாதங்களில் பயந்துபோய் சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்திருந்தேன். 2022இல் வைக்கிறதுக்குக் காஸே இல்லை. இப்போது பூட்டிப் பார்த்தால் டக் டக் டக் என்று பொறி தட்டுகிறது, நெருப்புப் பிடிக்கவில்லை. பிடித்தாலும் மஞ்சளாக, சோம்பலாக எரிந்து அணைகிறது. பேர்னர்க் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று அம்மா சொல்வார். எனக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. ஈர்க்கால் குத்தி எடுத்து, ஊதிவிட்டேன். நீலமாகப் பிடித்தது. இந்த வெற்றியும் சேர்ந்துகொண்டதில், ஹீட்டர் விஷயத்தில் நானே ஒரு பாஸ் என்ற நினைப்பு வந்துவிட்டது.

அதனால்தான் ஓகஸ்டில் அந்தத் துளி விழுந்தபோது நான் பதறவில்லை. இந்த ஹீட்டர்களின் மேல்பக்கத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு, சூடோ அழுத்தமோ மிஞ்சினால் தானாகத் திறக்கும். அது அடிக்கடி சொட்டும். தண்ணி சூடானால் பெருக்கும், பெருக்க இடம் வேண்டும், அதற்காகத் தாங்கியின் மேலே கொஞ்சம் காற்று நிற்கும். நாளடைவில் அந்தக் காற்று தண்ணியோடு போய்விட்டால் வால்வு சொட்டத் தொடங்கும். வால்வில் பிழையில்லை. மோட்டரை நிறுத்தி, ஆறிய பிறகு சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, வால்வின் நெம்பைத் தூக்கித் தண்ணி நிற்கும்வரை விட்டால் காற்று திரும்ப வந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். செய்தேன். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் செய்தேன். புல் இன்னும் பச்சையாகிக்கொண்டு போனது. செப்டெம்பர் நடுவில் குழாயைத் திறந்தால் முதலில் ஒரு கோப்பை கறள் தண்ணி, வெறுந்தேத்தண்ணி நிறத்தில். அப்போதுதான் கிண்ணியாவிலிருந்து நானாவைக் கூப்பிட்டேன்.

கதவுக்கட்டை

நானா போட் எஞ்சின் திருத்துகிறவர். கரவன் ஹீட்டர் அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் தண்ணியும் இரும்பும் சேருகிற எந்தச் சாமானும் அவருக்குச் சொந்தம் மாதிரி. குந்தியிருந்து ரோச் அடித்து வால்வைப் பார்த்தார், தொட்டார், காய்ந்த விரலைக் காட்டினார். பிறகு அடிப்பக்கம் விரலை ஓட்டினார். ஈரம். தாங்கியைச் சுற்றியிருக்கிற வெள்ளைப் பஞ்சுப்பலகை மஞ்சளாக ஊறியிருந்தது. என் இரும்பு மூடியைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் அடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இதுக்குள்ள ஒரு தடி இருந்திரிக்கணுமே தங்கச்சி?"

இருந்தது நானா, உக்கிப் போயிருந்தது, எறிந்துவிட்டேன் என்றேன். அவர் திட்டவில்லை. தேத்தண்ணி குடிக்க வீட்டுப் பக்கம் வந்தார். வாசற்கதவைக் கச்சான் அடித்துச் சாத்தாமல் இருக்க ஒரு கட்டை வைத்திருப்போம். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகுகள் திருத்துகிற பகுதியில் வேலை செய்தவர், அங்கேயிருந்து எப்போதோ கொண்டுவந்தது. ஒரு முழங்கை நீளம் இருக்காது, நல்ல கனம், ஈயம் மாதிரி ஒரு சாம்பல் நிறம். அதன் ஒரு பக்கம் முழுக்கக் குழி குழியாக, கறையான் அரித்த பலகைபோல இருக்கும். சின்ன வயதில் அந்தக் குழிகளுக்குள் நானும் அக்காவும் குன்றிமணி அடுக்கி விளையாடியிருக்கிறோம். இந்தக் கழிசறையை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள் என்று அம்மா ஏசுவார், அப்பா சிரிப்பார். அது என்ன சாமான் என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கதவுக்கட்டை, அவ்வளவுதான்.

நானா உள்ளே காலை வைத்தவர் குனிந்து அதைத் தூக்கினார். குழிகளைப் பெருவிரலால் தடவினார்.

"இது எந்தக் கப்பல்ல இருந்தது?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"நீங்க எறிஞ்ச தடிட மூத்த சகோதரம் இது. நாகம், துத்தநாகம் எண்டு சொல்ற உலோகம். போட்டுட அடியில, காத்தாடிக்குப் பக்கத்துல பூட்டுற. உப்புத்தண்ணி இரும்பத் திங்காம இதத் தின்னட்டும் எண்டு வைக்கிற சாமான். உங்கட தடி பழுதாகல்ல தங்கச்சி. அது வேலை செஞ்சிரிக்கி."

அவர் கட்டையைத் திரும்பக் கதவடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். எனக்குக் கை வெலவெலத்தது என்று எழுதினால் மிகையாக இருக்கும். வெட்கம்தான் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாகத் தினமும் காலால் தள்ளிக்கொண்டிருந்த சாமான் அது. பதில் வாசற்படியில் கிடக்க, கேள்வியைக் குப்பைக் கிடங்கில் எறிந்திருக்கிறேன்.

அன்றிரவு உட்கார்ந்து எல்லாம் வாசித்தேன். எங்கள் ஹீட்டரின் தாங்கி உருக்கு, உள்ளே கண்ணாடிபோல ஒரு பீங்கான் பூச்சு. பூச்சு எங்காவது ஒரு ஊசிமுனை அளவுக்கு விட்டிருந்தாலும் தண்ணி உருக்கைத் தொடும். அந்தக் கம்பி மக்னீசியம். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே தண்ணிக்குள் நின்றால், இளகின சாதி முதலில் கரையும், மற்றது தப்பும். மக்னீசியம் கரைகிற மட்டும் உருக்குக்கு ஒன்றும் நடக்காது. தண்ணியில் உப்புக் கூடினால் கரைவதும் வேகமாகும். ஊரின் பெயரிலேயே உப்பை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் அந்தக் கம்பியைத் திறந்தே பார்க்காமல் விட்டிருக்கிறேன். முக்கால்வாசி கரைந்ததும் மாற்ற வேண்டுமாம். நான் எடுத்தபோது கிட்டத்தட்ட முழுக்கவே முடிந்திருந்தது. அதனால், அதையே கழுவித் திரும்பப் பூட்டியிருந்தாலும் பெரிதாக மிச்சமில்லை என்று ஒரு சமாதானம் இருக்கிறது. ஆனால் புதுசு ஒன்று பூட்ட வேண்டுமென்று அதைப் பார்த்தபோதே விளங்கியிருக்க வேண்டும். நான் பூட்டியது இரும்பு மூடி.

மணத்துக்கும் அன்றுதான் விடை கிடைத்தது. கிணற்றுத் தண்ணியில் இருக்கிற சல்பேட் உப்பில் பிழைக்கிற ஒருவகை பக்டீரியா உண்டு. இரண்டு மூன்று வருடம் ஆளில்லாமல் தேங்கி நின்ற தாங்கி அதற்கு அரண்மனை. மக்னீசியம் கரையும்போது வெளிவருகிற ஐதரசன் அதற்குச் சாப்பாடு. இரண்டும் சேர்ந்து கூழ்முட்டை மணம். கம்பியை எடுத்ததும் சாப்பாடு நின்றது, மணமும் நின்றது. கம்பிக்கும் மணத்துக்கும் தொடர்பிருக்கிறது என்று நான் கண்டது சரி. அதற்குமேல் நான் நினைத்ததெல்லாம் பிழை.

இந்த வித்தையை 1824இல் ஹம்ப்ரி டேவி இங்கிலாந்துக் கடற்படைக்காகக் கண்டுபிடித்தாராம். மரக் கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடு கடல்நீரில் கரையாமலிருக்க நாகமும் இரும்பும் வைத்துப் பார்த்திருக்கிறார். செம்பு தப்பியது. ஆனால் கரைகிற செம்புதான் அதுவரை மட்டியும் பாசியும் ஒட்டாமல் காத்தது. செம்பு கரையாமல் போனதும் கப்பலடி முழுக்க மட்டி. டேவிக்கே அப்படியென்றால் என்று கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு

தாங்கியை ஒட்ட முடியுமா என்று நானாவிடம் கேட்டேன். வெல்டிங் சூட்டுக்கு உள்ளே பூச்சு வெடித்துக் கொட்டிவிடும், ஒரு ஓட்டையை அடைத்துப் பத்து ஓட்டை எடுக்கிற வேலை என்றார். புது ஹீட்டரே வேண்டும். ஆனால் கம்பிக்கு அவரிடம் ஒரு யோசனை இருந்தது: போட்டுக்குப் பூட்டுகிற நாகத்தைக் கடைசல் பிடித்து முக்கால் அங்குலப் புரி போட்டுத் தருகிறேன், ஆஸ்திரேலியாவை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? எனக்கும் ஆசைதான். அப்பாவின் கட்டையையே கடைந்தால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் கடல்நீரில் நாகம் செய்கிற வேலையைச் சுடுதண்ணியில் நம்ப முடியாதாம். தண்ணி 60 பாகையைத் தாண்டினால் சில வேளை தலைகீழாகி, நாகத்தைக் காப்பாற்ற இரும்பு கரையத் தொடங்கும். நானாவிடம் அதைச் சொன்னபோது நம்பாமல் சிரித்தார். "கடல் கொதிச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார்.

அக்காவிடம் தாங்கி கறள் பிடித்து ஓட்டையாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அத்தான் பாவம், அந்தக் கம்பெனிச் சாமான் ஒன்றும் இப்போது உருப்படியில்லை என்று ஏசிக்கொண்டு, புது ஹீட்டரும் இரண்டு மக்னீசியக் கம்பியும் வாங்கி, சொக்கலேற்றோடும் பழைய உடுப்போடும் பெட்டி போட்டு அனுப்பினார். வந்து சேர மூன்று மாதம். அத்தான், வாசிக்கிறீர்கள் என்றால், கம்பெனியில் பிழையில்லை.

நானாதான் வந்து பூட்டினார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன். முதல் மூன்று மாதத்தில் மினுங்கல் போய்ச் சொரசொரத்தது. ஆறாம் மாதம் நுனிப் பக்கம் என் சுண்டுவிரல் மொத்தத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கழற்றின கையோடு அடியில் கிடக்கிற வெள்ளைச் சேற்றையும் குழாய் விட்டுக் கழுவுகிறேன். கதவுக்கட்டை கதவடியில்தான் இருக்கிறது. இப்போது அதைக் காலால் தள்ளக் கூச்சமாக இருப்பதால் குனிந்து கையால் நகர்த்துகிறேன், இடுப்பு வலிக்கிறது.

மணமும் திரும்பி வந்துவிட்டது. அதே கிணறு, அதே மக்னீசியம், வராமல் என்ன செய்யும்? ஆட்கள் இல்லாமல் பத்து நாள் கிடந்தால் முதல் வாளி கூழ்முட்டைதான். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடுகிற மாதிரித் தாங்கிக்கும் கொஞ்சம் விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, மணம் போகும்வரை தண்ணி ஓடவிடுகிறேன். கொஞ்ச நாளைக்குத் தாங்கும். அலுமினியக் கம்பிக்கு மணம் குறைவு என்கிறார்கள், அடுத்த பெட்டியில் ஒன்று அனுப்பச் சொல்ல வேண்டும். போன கிழமை வந்த பிரெஞ்சுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, உள்ளே ஏதோ அழுகிவிட்டது, திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். குழாயைப் பத்து நிமிடம் திறந்து விடச் சொல்லிவிட்டு, அவள் குளித்து முடிக்கும்வரை அந்தத் தகரக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.